வாசகர் கேள்வி – பதில்: ராஜபாளையத்துக்குக் காது கேட்குமா?

இந்த இதழில் நாய்களைப் பற்றிய கேள்விகள் மட்டும்.

தெருவில் திரிகிற நாட்டு நாய் பலவும் பார்ப்பதற்கு நரி மாதிரியே இருக்கிறது. ஓநாயிலிருந்து வந்த நாய், நரியிலிருந்து வந்த நாய் என்று இரண்டு வகை உண்டா?
– வாசகர், அருப்புக்கோட்டை

இல்லை. பக் முதல் ராஜபாளையம் வரை எல்லா வீட்டு நாய்களும் சாம்பல் ஓநாய் வழி வந்தவை. உங்கள் சந்தேகம் ஒன்றும் அசட்டுத்தனமானது அல்ல. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்து நோபல் பரிசு பெற்ற கான்ராட் லோரன்ஸே ஒரு காலத்தில் சில நாய்கள் பொன்னிறக் குள்ளநரி வழி வந்தவை என்று எழுதி, பிறகு கைவிட்டவர்தான். அந்த நரிக்கும் நாய்க்கும் ஓநாய்க்கும் குரோமோசோம் எண்ணிக்கை ஒன்றே, 78. மரபணுவை எழுத்துக் கூட்டிப் படிக்க முடிந்த பிறகுதான் சண்டை தீர்ந்தது. இன்று காட்டில் இருக்கும் ஓநாய்களில் எதுவும் நாயின் தாய் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாயைத் தந்த ஓநாய்க் கூட்டம் அழிந்துவிட்டது; இப்போதுள்ள ஓநாய்கள் நாய்க்குப் பங்காளிகள்.

பழமைக்குச் சான்று வேண்டுமானால் ஜெர்மனியில் பான் நகரத்தை அடுத்த ஓபர்காசெல் புதைகுழியைச் சொல்லலாம். 1914-ல் கல்லுடைக்கும் இடத்தில் கிடைத்தது. ஓர் ஆண், ஒரு பெண், கூடவே ஏழு மாதம்கூட நிரம்பாத ஒரு நாய்க்குட்டி. வயது ஏறத்தாழ 14,000 ஆண்டு. குட்டியின் பல் எனாமலில் உள்ள வடுக்களைப் பார்த்தவர்கள், அது டிஸ்டெம்பர் என்ற கொடிய வைரஸ் நோயில் வாரக்கணக்கில் கிடந்திருக்கிறது என்று கணித்தார்கள். தண்ணீர் கொடுத்து, துடைத்துவிட்டு, யாரோ பார்த்துக்கொள்ளாமல் அந்த நோயில் ஒரு குட்டி அத்தனை நாள் தாங்காது. வேட்டைக்கு உதவாத நோஞ்சான் குட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நரி ஜாடைக்குக் காரணம் வேறு. மனிதன் ஜோடி சேர்க்காமல் நாய்கள் தாமாகவே இனப்பெருக்கம் செய்யும் இடங்களில், தலைமுறைகள் கழியக் கழிய நடுத்தர உடம்பு, விறைத்த காது, மண் நிறம், சுருண்ட வால் என்ற வடிவத்துக்கே பெரும்பாலும் வந்து நிற்கும். வெயிலுக்கும் எச்சில் சோற்றுக்கும் தோதான உடம்பு அது.

எங்கள் கோம்பை நாய் செந்நாய்க் கலப்பு என்று விற்றவர் சொன்னார். வாய் கறுத்து, உடம்பு செம்மண் நிறத்தில்தான் இருக்கிறது. உண்மையாக இருக்குமா?
– வாசகர், உத்தமபாளையம்

விலையை ஏற்றச் சொல்லும் கதை. செந்நாய் நாய்க் குடும்பம்தான் என்றாலும் தனிப் பேரினம். ஓநாய் – நாய் கிளையிலிருந்து பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துபோனது. உங்கள் நாயின் வாயைத் திறந்து நீங்களே பார்த்துவிடலாம். வளர்ந்த நாய்க்கு மொத்தம் 42 பல். கீழ்த் தாடையின் கடைசியில், ஒவ்வொரு பக்கமும், மிளகு அளவில் ஒரு குட்டிக் கடைவாய்ப் பல் இருக்கும். செந்நாய்க்கு அந்த இரண்டும் கிடையாது, 40 பல்தான். முலைக்காம்பும் அப்படியே: நாய்க்கு வழக்கமாக 8 முதல் 10, செந்நாய்க்கு 12-க்குக் குறையாது. நாய் குரைக்கும், செந்நாய் சீழ்க்கை அடித்துக் கூட்டத்தைக் கூப்பிடும்.

கோம்பைக்கு அந்தப் பெருமை தேவையும் இல்லை. தேனி மாவட்டத்து மலையடிவாரத்தில் காட்டுப் பன்றியை மறிப்பதற்கு வளர்த்த நாய். அகன்ற மண்டை, தடித்த கழுத்து, கறுத்த வாய் எல்லாம் அந்த வேலைக்காகத் தேர்ந்து தேர்ந்து சேர்த்தவை. அந்நியரை அண்ட விடாத குணமும் அதே கூடையில் வந்ததுதான். ஆகவே 3 வாரம் முதல் 14 வாரத்துக்குள் குழந்தைகள், தபால்காரர், குடை பிடித்தவர், ஹெல்மெட் போட்டவர் என்று பல தினுசு ஆட்களையும் குட்டிக்குக் காட்டிப் பழக்குங்கள். அந்த வயதில் விட்டதைப் பிறகு பிடிப்பது பெரும்பாடு.

ராஜபாளையம் குட்டி வாங்கப் போகிறேன். தூய வெள்ளையாக, மூக்கு ரோஸ் நிறமாக இருந்தால்தான் அசல் என்கிறார்கள். அதே மூச்சில், காது கேட்காத குட்டியைத் தலையில் கட்டிவிடுவார்கள், ஜாக்கிரதை என்கிறார்கள். எதை நம்புவது?
– வாசகர், திருநெல்வேலி

இரண்டையும் நம்பலாம். இரண்டுக்கும் வேர் ஒன்றே.

தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் செல்கள் கருவில் முதுகுத்தண்டு ஓரமாகப் பிறந்து, உடம்பெங்கும் நகர்ந்து போய்க் குடியேறுபவை. உட்காதில் நத்தை ஓடு போன்ற பகுதியிலும் அவற்றுக்கு ஓர் இடம் உண்டு. அங்கே அவற்றின் வேலை நிறம் பூசுவது அல்ல. ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் மூழ்கியிருக்கும் திரவத்தின் உப்புச் சமநிலையைக் காப்பது. வெள்ளையைத் தேடித் தேடி ஜோடி சேர்க்கும்போது, இந்தச் செல்கள் குறைவாக நகரும் குட்டிகளைத்தான் நாம் தேர்ந்தெடுக்கிறோம். தோலுக்கு வந்து சேராவிட்டால் வெள்ளை முடி, மூக்கு நுனிக்கு வராவிட்டால் ரோஸ் மூக்கு. காதுக்குள் போய்ச் சேராவிட்டால் மயிர்ச் செல்கள் பட்டுப்போகும், செவிடு. இது ராஜபாளையத்துக்கு மட்டுமான சாபம் அல்ல. வெள்ளை உடம்பில் புள்ளி போட்ட டால்மேஷியன் இனத்தில், அமெரிக்காவில் சோதித்தவற்றில் சுமார் 30 சதவீதத்துக்கு ஒரு காதாவது கேட்கவில்லை.

குட்டிக்குக் காதுத் துளை திறப்பது இரண்டாவது வாரத்தில். நுண்மயிர்ச் செல்கள் பட்டுப்போவது மூன்று, நான்காவது வாரத்தில். எனவே அதற்கு முன் சோதித்து ‘கேட்கிறது’ என்று சொல்வதில் அர்த்தமில்லை. 5 வாரம் முடிந்த பிறகு இப்படிச் செய்யுங்கள்.

ஒரே ஈத்துக் குட்டிகளை ஒன்றாக வைத்துச் சோதிக்கக் கூடாது. செவிட்டுக் குட்டி மற்றவை தலை தூக்குவதைப் பார்த்துத் தானும் தூக்கும். கேட்கும் குட்டிக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. ஏமாறுகிறவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். குட்டியைத் தனியாக எடுத்து, சாக்கு விரித்த தரையில் விட்டு, அது அரைத் தூக்கத்தில் இருக்கும்போது பின்பக்கமாக இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள். கை தட்ட வேண்டாம், காற்று அசையும். காலால் தரையை உதைக்க வேண்டாம், அதிர்வு தெரியும். நிழலும் குட்டி மேல் விழக் கூடாது. சாவிக்கொத்தை ஒரு முறை குலுக்குங்கள். காது மடல் துடித்தால் போதும், எழுந்து ஓடி வர வேண்டியதில்லை. சில நிமிடம் விட்டு, வேறு திசையிலிருந்து எவர்சில்வர் தம்ளரில் ஸ்பூனால் மெல்லத் தட்டுங்கள். மறுபடி இடைவெளி விட்டு மெல்லிய விசில். ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் நல்ல காது உள்ள குட்டிகூட அலுத்துப்போய்த் திரும்பாது. அதைச் செவிடு என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

இதில் பிடிபடுவது இரண்டு காதும் கேளாத குட்டி மட்டுமே. ஒரு காது மட்டும் கேளாதது எல்லா விதத்திலும் சாதாரண நாய் போலவே வளரும். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கச் சற்றுத் தடுமாறும், அவ்வளவுதான். வீட்டில் வளர்க்க அதில் ஒரு குறையும் இல்லை. இனப்பெருக்கத்துக்கு மட்டும் கூடாது. உறுதியாகத் தெரிய, காதருகே மின்முனை வைத்து மூளைத்தண்டின் எதிர்வினையை அளக்கும் சோதனை செய்ய வேண்டும்.

மூக்கு விஷயத்தில் என் கருத்து: மூக்கிலும் கண் இமையிலும் கொஞ்சம் கறுப்பு ஏறிய குட்டி கிடைத்தால் விடாதீர்கள். கண்காட்சியில் மதிப்பெண் குறையலாம். ஆனால் ரோஸ் மூக்கு வெயிலில் வெந்து தோலுரியும், நாளடைவில் தோல் புற்றுநோய்க்கும் இடம் கொடுக்கும். வெளியிலேயே காவல் இருக்கப்போகும் நாய்க்கு அது வேண்டாத அழகு.

செவிட்டுக் குட்டி ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டதென்றால், கைச் சைகையில் எல்லாம் பழக்கலாம். தூங்கும்போது பின்னால் போய்த் தொடாதீர்கள். மூக்கருகே கையை நீட்டி, வாசனையில் தானாக விழிக்க விடுங்கள். இருட்டில் கூப்பிட டார்ச்சை இரண்டு முறை அணைத்து ஏற்றலாம். கயிறு இல்லாமல் தெருவுக்கு விடவே கூடாது. பின்னால் வரும் லாரியின் ஹார்ன் அதற்கு இல்லை.

சிப்பிப்பாறையும் கன்னியும் ஒன்றா, வேறா? எதை வாங்கலாம்?
– வாசகர், ஈரோடு

வளர்ப்பவர்களைக் கேட்டால் திண்ணைப் பஞ்சாயத்தே நடக்கும். உடல்வாகு ஒன்றுதான்: நீண்ட முகம், ஆழமான நெஞ்சு, ஒட்டிய வயிறு, சாட்டை வால். கறுப்பு உடம்பில் புருவத்திலும் முகத்திலும் காலிலும் செந்தவிட்டு நிறம் இருந்தால் கன்னி. அதே இடங்களில் வெளிறிய பால் நிறம் இருந்தால் பால்கன்னி. செவலை, மயிலை போன்ற மற்ற நிறங்கள் சிப்பிப்பாறை. கல்யாணப் பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்ததால் கன்னி என்று பெயர் வந்ததாக ஒரு வழக்கு உண்டு. அரசுப் பதிவைக் கேட்டால், ஹரியானாவின் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வள நிறுவனம் இந்திய நாய் இனங்களில் முதலில் பதிவு செய்த மூன்றில் இரண்டு நம் பக்கத்தவை: ராஜபாளையம், சிப்பிப்பாறை. மூன்றாவது கர்நாடகத்தின் முதோல்.

நிறத்தைவிட முக்கியம் தாயைப் பார்ப்பது. குட்டியை மட்டும் சந்தையில் வைத்து விற்றால் வாங்காதீர்கள். ஓட்டப் பந்தயத்துக்காகக் கிரேஹவுண்ட் கலந்த குட்டியை எட்டு வார வயதில் கண்ணால் பிரித்தறிய முடியாது. அண்ணன் – தங்கையைச் சேர்த்து எடுத்த ஈத்தா என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள். 2017-ம் ஆண்டு விதிகளின்படி எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. வளர்த்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். ‘முப்பது நாள் குட்டி, சோறு தின்னுது சார்’ என்றால் திரும்பி நடங்கள். தாயிடமும் உடன்பிறந்தவற்றிடமும் கடியின் அளவைக் கற்றுக்கொள்ளும் வயது அது. தனியாகப் பிரித்து வந்த குட்டி, விளையாட்டுக்கே ரத்தம் வரக் கடிக்கும்.

இரண்டுமே பார்வையால் துரத்தும் நாய்கள். 200 மீட்டரில் அணில் ஓடினால் உங்கள் குரல் அதன் காதில் ஏறாது. தலையும் கழுத்தும் ஏறக்குறைய ஒரே பருமன் என்பதால் கடையில் விற்கும் சாதாரணப் பட்டை, பின்னால் இழுத்தால் கழன்றுவிடும். நான்கைந்து சென்டிமீட்டர் அகலமுள்ள, இழுத்தால் ஓரளவு மட்டும் இறுகும் வகைப் பட்டை வாங்குங்கள். சுற்றுச் சுவர் உள்ள இடத்தில் காலையோ மாலையோ 15–20 நிமிடம் பாய விட்டால் மீதி நேரம் சோபாவில் சுருண்டு கிடக்கும். ஒரு வயது வரை வேகப் பந்தயம் வேண்டாம், எலும்பு முற்றியிருக்காது. முயல் வேட்டைக்குக் கூட்டிப் போகலாமா என்று வேறு சிலர் கேட்டிருக்கிறார்கள். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். பேச்சுக்கே இடமில்லை.

எங்கள் கன்னி நாயைப் பார்ப்பவர்கள் ‘சோறு போடுகிறாயா இல்லையா’ என்று கேட்கிறார்கள். விலா தெரிகிறது. குண்டாக்குவது எப்படி?
– வாசகி, மதுரை

குண்டாக்காதீர்கள். இந்த வகை நாய்க்குக் கடைசி இரண்டு மூன்று விலா தெரிவது சரியான உடம்பு. ஒரு விலாவும் தெரியாவிட்டால்தான் கவலை. முதுகெலும்பு முடிச்சு முடிச்சாகத் துருத்தினாலோ, இடுப்பு எலும்பைச் சுற்றிப் பள்ளம் விழுந்தாலோ மெலிவு. அப்போது சோற்றைக் கூட்டுவதற்கு முன் மலத்தைப் பரிசோதித்துப் புழு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். கருத்தடையோ வேறு அறுவையோ செய்யப் போனால், ‘இது கொழுப்பில்லாத வேட்டை நாய்’ என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தயோபென்டோன் போன்ற மயக்க மருந்துகள் உடம்புக் கொழுப்பில் போய்த் தங்கித்தான் வீரியம் குறையும். கொழுப்பே இல்லாத நாயில் மயக்கம் தெளியாமல் நீளும். இன்று பாதுகாப்பான மாற்று மருந்துகள் இருக்கின்றன.

நாய் மாமிசப் பிராணி, சோறு போடுவது பாவம் என்கிறான் மகன். நாங்கள் சாம்பார் சாதமும் தயிர் சாதமும்தான் போடுகிறோம். லாப்ரடார் கலப்பு, 20 கிலோ.
– வாசகர், கும்பகோணம்

சோறு பாவம் இல்லை. சாம்பார்தான் பாவம்.

ஓநாய்க்கு, கணையத்தில் மாவுச்சத்தைச் செரிக்கும் நொதியை உண்டாக்கும் மரபணு இரண்டு பிரதிதான். நாய்க்கு அது நான்கிலிருந்து முப்பது வரை பெருகியிருக்கிறது. 2013-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளியிட்டது இது. மனிதன் உழுது விதைத்துச் சாப்பிடத் தொடங்கிய பிறகு அவன் எச்சிலிலேயே வளர்ந்த வயிறு நாயின் வயிறு. நன்றாக வெந்த சோறு அதற்கு எளிதாகச் செரிக்கும். ஆனால் சோறு மட்டுமே போட்டால் புரதம் போதாது.

சாம்பாரில் சிக்கல் வெங்காயம். நாயின் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் போனாலே ரத்தச் சிவப்பணுக்கள் உடையத் தொடங்கும். 10 கிலோ நாய்க்கு இரண்டு பெரிய வெங்காயம் போதும். வேகவைத்தாலும் நஞ்சு போகாது, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் கேடுதான். பூண்டும் அதே ஜாதி. விளைவு அன்றே தெரியாது. மூன்று நாள் கழித்து ஈறு வெளுக்கும், சிறுநீர் காபி நிறத்தில் போகும், நாய் சோர்ந்து படுக்கும். யாரும் சாம்பாரைச் சந்தேகிப்பதில்லை. திராட்சையும் கிஸ்மிஸும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாயசத்தில் மிச்சம் போடுகிறவர்கள் கவனிக்க.

உங்கள் நாய்க்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கருத்தடை செய்த, நிதானமாக நடமாடும் 20 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,050 கலோரி வேண்டும். வெந்த சோறு 300 கிராம், எலும்பு நீக்கி வேகவைத்த கோழி 300 கிராம், முட்டை ஒன்று, பூசணி அல்லது கேரட் 100 கிராம், எண்ணெய் ஒரு தேக்கரண்டி. உப்பு, மிளகாய், தாளிப்பு ஏதும் வேண்டாம். இரண்டு வேளையாகப் பிரித்து வையுங்கள். இரண்டு வாரம் கழித்து எடை பாருங்கள். ஏறினால் சோற்றைக் குறையுங்கள், கோழியை அல்ல.

வீட்டுச் சாப்பாட்டில் தவறாமல் விட்டுப்போவது சுண்ணாம்புச் சத்து. இறைச்சியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் சொற்பம். முட்டை ஓட்டைக் கொதிநீரில் ஐந்து நிமிடம் போட்டு, காயவைத்து, மிக்ஸியில் மாவாக அரைத்து, தினம் அரைத் தேக்கரண்டி கலந்தால் ஏறத்தாழ ஒரு கிராம் கால்சியம் கிடைக்கும். நறநறவென்று இருந்தால் மறுபடி அரையுங்கள். வெந்த கோழி எலும்பு மட்டும் வேண்டாம். ஊசி ஊசியாக உடைந்து குடலைக் குத்தும். பால் குடித்தால் பேதியாகும் நாய்க்குத் தயிர் ஒத்துக்கொள்ளும். ஆக, உங்கள் தயிர் சாதம் தேர்ச்சி.

இதெல்லாம் வளர்ந்த நாய்க்கு. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற பெரிய உடம்பு இனங்களின் குட்டிக்குக் கடையில் கிடைக்கும் கால்சியம் டானிக்கை அள்ளி ஊற்றினால் எலும்பும் மூட்டும் கோணலாக வளரும். பேக்கெட் உணவு சாப்பிடும் குட்டிக்குக் கால்சியம் தனியாகத் தேவையே இல்லை.

பொமரேனியன் என்று வாங்கினோம். இப்போது 9 கிலோ. ஏமாந்துவிட்டோமா?
– வாசகி, சேலம்

அது இந்தியன் ஸ்பிட்ஸ். நம் ஊரில் ‘பாம்’ என்று அழைக்கப்படுபவற்றில் பெரும்பாலானவை அதுதான். பால்டிக் கடலோரப் பொமரேனியா பகுதியின் பெயர் கொண்ட அசல் பொமரேனியன் வளர்ந்தாலும் மூன்று, மூன்றரைக் கிலோவைத் தாண்டாது. ஏமாந்தது பெயரில்தான். நம் வெயிலைத் தாங்குவதில் உங்கள் நாய் அசலைவிட மேல். கோடையில் முடியை மொட்டையடிக்காதீர்கள், தோல் வெந்துவிடும். வாரம் மூன்று நாள் சீவி, உதிர்ந்த உள்மயிரை எடுத்தாலே காற்றோட்டம் கிடைக்கும்.

மூன்று மாதக் குட்டி ரத்தக் கழிச்சலில் செத்தது. ஒரு தடுப்பூசி போட்டிருந்தோம். வீடு முழுக்க பினாயில் ஊற்றிக் கழுவி, ஒரு மாதம் கழித்து வேறு குட்டி வாங்கினோம். அதுவும் பத்தே நாளில் போய்விட்டது. வீட்டு ராசியா?
– வாசகர், காரைக்குடி

ராசி இல்லை, பார்வோ வைரஸ். 1978 வாக்கில் உலகெங்கும் திடீரென்று பரவிய நோய் இது. இரண்டு இடத்தில் தவறு நடந்திருக்கிறது.

முதலாவது பினாயில். வாசனைதான் மிச்சம். பார்வோ வைரஸுக்குக் கொழுப்பு உறை கிடையாது, ஆகவே பினாயிலும் டெட்டாலும் அதை ஒன்றும் செய்யாது. குளோரின்தான் கொல்லும். தரையிலுள்ள அழுக்கை முதலில் சோப்புப் போட்டுக் கழுவி எடுத்துவிடுங்கள். மலமும் மண்ணும் இருந்தால் குளோரின் அதிலேயே வீணாகும். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி பிளீச்சிங் பவுடர், அல்லது திரவ பிளீச் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, தரை 10 நிமிடம் ஈரமாகவே இருக்கும்படி விட்டு அலசுங்கள். பழைய பவுடரில் குளோரின் போயிருக்கும், புதுப் பாக்கெட் வாங்குங்கள். ஆசிட்டோடு கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும். தட்டு, சங்கிலி, செருப்பு எல்லாம் இதில் அடக்கம். சாக்கும் மெத்தையும் எரித்துவிடலாம். தோட்டத்து மண்ணை இப்படிச் சுத்தம் செய்ய முடியாது. நிழலான மண்ணில் இந்த வைரஸ் ஓராண்டு வரை கிடக்கும்.

இரண்டாவது, ‘ஒரு தடுப்பூசி’. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை தடுப்பூசி வேலை செய்யாது. அந்தச் சக்தி ஒரு குட்டிக்கு எட்டாவது வாரத்தில் தீரும், இன்னொன்றுக்குப் பதினான்காவது வாரத்தில். எந்தக் குட்டிக்கு எப்போது என்று தெரியாததால்தான் 6–8 வாரத்தில் தொடங்கி மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக, 16 வாரம் முடியும்வரை திரும்பத் திரும்பப் போடுவது. கடைசி ஊசிதான் முக்கியம், முதலாவது அல்ல. மருந்து 2 முதல் 8 டிகிரியில் இருந்திருக்க வேண்டும். கடையில் வாங்கி பஸ்ஸில் சட்டைப் பையில் கொண்டுவந்த ஊசியை நம்ப முடியாது.

அடுத்து வாங்குவதானால் 16 வாரம் தாண்டி, எல்லா ஊசியும் முடிந்து, அதன் பிறகு இரண்டு வாரமும் ஆன நாயாக வாங்குங்கள்.

உண்ணி எவ்வளவு எடுத்தாலும் மறுநாள் வந்து நிற்கிறது.
– வாசகர், புதுச்சேரி

நாயின் மேல் இருப்பதை எடுக்கிறீர்கள்; சுவரில் இருப்பதை விட்டுவிடுகிறீர்கள். ரத்தம் குடித்துப் பட்டாணி போல் ஊதிய பெட்டை உண்ணி கீழே விழுந்து, சுவரேறி, விரிசலில் சில ஆயிரம் முட்டை இடும். பொரிந்தது குடித்துவிட்டு விழும், தோலுரிக்கும், மறுபடி ஏறும். அதன் மூன்று வளர்ச்சிப் பருவத்திலும் இதே கதை. வளர்ந்த உண்ணி பட்டினியாகவே ஒரு வருடத்துக்கு மேல் காத்திருக்கும்.

ஆகவே கூண்டு, நாய் படுக்கும் திண்ணை, ஜன்னல் சட்டம் ஆகியவற்றின் விரிசலை சிமென்ட் வைத்து அடையுங்கள். பூச்சிமருந்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மூன்று மாதம் விடாமல் அடியுங்கள். அதே காலம் முழுக்க நாய்க்கு மருத்துவர் சொல்லும் மாத்திரை: அஃபாக்ஸோலேனர் என்றால் மாதம் ஒன்று, ஃப்ளூராலேனர் என்றால் 12 வாரத்துக்கு ஒன்று. வலிப்பு வந்த நாய் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். மாட்டுக்கு வைத்திருக்கும் ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்தைக் கண்ணளவில் போடுவது உயிரோடு விளையாட்டு. பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து நாய்க்குச் சரி. வீட்டில் பூனை இருந்தால் அதற்கு எமன். ஒன்றிரண்டு உண்ணியைக் கையால் நசுக்காமல், இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போடுங்கள். மண்ணெண்ணெய் தடவாதீர்கள். காய்ச்சல், வெளுத்த ஈறு, மூக்கில் ரத்தம் மூன்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே ரத்தப் பரிசோதனை.

நாயின் ஒரு வயது நமக்கு ஏழு வயதா?
– வாசகர், வேலூர்

இல்லை. ஒரு வயது நாய் குட்டியே போட முடியும். ஏழு வயதுக் குழந்தை அப்படியா? லாப்ரடார்களின் மரபணுவில் படியும் முதுமைத் தடயங்களை மனிதரோடு ஒப்பிட்டு 2020-ல் வெளியான கணக்கின்படி, நாயின் 1 வயது நமக்குச் சுமார் 31, 2 வயது 42, 5 வயது 57, 10 வயது 68. முதலில் பாய்ந்து ஏறி, பிறகு நிதானமாகும். மற்ற இனங்களுக்கு இதை அப்படியே பொருத்தக் கூடாது; பெரிய உடம்பு நாய்கள் சீக்கிரம் கிழடு தட்டும்.

எங்கள் வீட்டு நாயே விளையாட்டில் பேரனின் கையைக் கீறிவிட்டது. லேசாக ரத்தம். நாய்க்கு வருடா வருடம் ஊசி போடுகிறோம். பேரனுக்கும் போட வேண்டுமா?
– வாசகி, திருச்சி

இதைப் படித்துக்கொண்டிருக்காமல் முதலில் குழாயடிக்குப் போங்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம், கடிகாரம் பார்த்துக் கழுவ வேண்டும். மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. ரத்தம் வந்திருப்பதால் ரேபிஸ் (வெறிநோய்) கணக்கில் இது மூன்றாம் வகைக் காயம், அதாவது இருப்பதிலேயே கடுமையான வகை. காயத்துக்குள்ளேயே செலுத்தும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தும் தேவைப்படலாம், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் ஊசி 0, 3, 7, 28 ஆகிய நாட்களில். தசையில் போடுவதானால் 0, 3, 7, 14, 28.

நாய்க்கு ஊசி போட்டிருப்பது நல்லது, ஆனால் பேரனுக்கு அது விலக்குச் சீட்டு ஆகாது. நாயை 10 நாள் கட்டி வைத்துக் கவனியுங்கள். அது நன்றாக இருந்தால், பாக்கி ஊசியை நிறுத்தலாமா என்பதை மருத்துவர் சொல்வார். ‘பத்து நாள் பார்த்துவிட்டுப் பிறகு ஊசி போடலாம்’ என்று காத்திருப்பது மட்டும் வேண்டாம். அறிகுறி தொடங்கிய ரேபிஸுக்கு மருந்து கிடையாது.

குட்டிக்கு டைகர், டாமி, மணி தவிர்த்து, பழைய தமிழ்ப் பெயர் ஒன்று சொல்லுங்களேன்.
– வாசகர், செங்கம்

கேட்டது சரியான ஊர்க்காரர். உங்கள் பக்கத்து எடுத்தனூர் நடுகல்லிலேயே இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மனின் 34-ம் ஆட்சியாண்டு, ஏழாம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு நட்ட கல். அவன் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கி, அது இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் நின்றதை எழுத்தில் வெட்டி, பெயரையும் சொல்லியிருக்கிறார்கள்: கோவிவன். கூப்பிட நீளமாக இருந்தால் ‘கோவி’ போதும். இரண்டே அசை. நாய்க்குப் பெயர் அதற்கு மேல் போகக் கூடாது.